குறட்டையும் கருவுற்ற தாயும்

குறட்டை என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு முதலில் வருவது சிரிப்பு. நாடக மேடையில் நகைச்சுவை நடிகர் ஒருவர் வாயைத் திறந்து ஒரு முறை குறட்டை விட்டுக் காட்டினால் போதும், கொட்டகை முழுவதும் கலகலக்கும். கல்யாண வீட்டுக் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் உறவினர்களுள் யாருடைய குறட்டை பெரிது என்பது மறுநாட் காலையில் காப்பியோடு சேர்ந்து வரும் பேச்சு. அந்தச் சிரிப்பைக் குறை கூற நான் வரவில்லை. ஆயினும், சிரித்துவிட்டு மறந்துபோகக் கூடாத குறட்டை ஒன்று உண்டு. அது கருவுற்ற தாயின் குறட்டை. அதனைப் பற்றி உலகின் சில ஆராய்ச்சி நிலையங்கள் கடந்த கால் நூற்றாண்டாக என்ன செய்து வந்திருக்கின்றன, எதைக் கண்டிருக்கின்றன என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்று. நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது என் தமக்கை தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். அதற்கு முன் அவள் குறட்டை விட்டு நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஏழாம் மாதம் முதல் இரவில் கூடமே அதிர்ந்தது. நடு நடுவே அந்த ஒலி சட்டென்று நின்றுவிடும். சிறிது நேரம் ஒன்றுமே கேட்காது. பிறகு, குளத்தில் மூழ்கியவன் மேலே வந்து மூச்சை இழுப்பதுபோல் ஒரு பெரிய இழுப்பு. அதன்பின் மீண்டும் குறட்டை. "பிள்ளைத்தாய்ச்சி அசந்து தூங்குகிறாள், எழுப்பாதீர்கள்" என்றாள் பாட்டி. நானோ அந்த ஒலியை அப்படியே நடித்துக் காட்டி வீட்டாரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் மூச்சை அடக்கிக் கண்ணை உருட்டும் இடத்தில்தான் சிரிப்பு மிகுதியாக எழும்.

எட்டாம் மாத முடிவில் அவளுடைய கால்கள் வீங்கின. தலைவலி வந்தது. இரத்த அழுத்தம் ஏறியது. அவசரமாக அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த மருத்துவமனையில் எங்களைப் பல கேள்விகள் கேட்டார்கள். குறட்டையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது என்று அந்நாளில் அநேகருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்படியானால் என் தமக்கையின் நோய்க்கு அந்தக் குறட்டைதான் காரணமா? எனக்குத் தெரியாது. ஒரு வீட்டில் ஒருத்திக்கு நேர்ந்ததைக் கொண்டு காரணகாரியம் பேச இயலாது. இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன என்பது வேறு. ஒன்று மற்றொன்றைக் கொண்டுவந்தது என்பது வேறு. பின்னாளில் உடலியல் கற்பிக்கும் ஆசிரியனாக ஆனபின், இந்த வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்க நான் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் உதாரணமும் இதுவேதான்.

குறட்டை எவ்வாறு உண்டாகிறது என்பதைப் பார்ப்போம். மூக்கிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் காற்றுப் பாதையில் பெரும்பகுதி எலும்பாலும் குருத்தெலும்பாலும் தாங்கப்பட்டிருக்கிறது. தொண்டைப் பகுதிக்கு மட்டும் அத்தகைய தாங்கல் இல்லை. அதைத் திறந்து வைத்திருப்பவை தசைகளே. உறக்கத்தில் தசைகள் தளர்கின்றன. பாதை குறுகுகிறது. குறுகிய பாதையில் காற்று விரைந்து செல்லும்போது மென்மையான சுவர்கள் அதிர்கின்றன, அதுவே குறட்டை. பாதை இன்னும் குறுகி அடைபட்டுப்போனால் மார்பும் வயிறும் மூச்சுக்கு முயன்றுகொண்டே இருக்கும். காற்று மட்டும் உட்செல்லாது. இவ்வாறு பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதைத்தான் மருத்துவர்கள் ‘ஸ்லீப் அப்னியா’ என்கிறார்கள். நாம் துயில் மூச்சுத்தடை என்று சொல்வோம். இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு, உறங்குபவர் அறியாமலே, உறக்கத்தைக் கலைத்துத் தொண்டையைத் திறக்கிறது. அந்தக் கணத்தில் இதயம் விரைகிறது, இரத்த அழுத்தம் துள்ளுகிறது. ஒரு மணி நேரத்தில் இது எத்தனை முறை நிகழ்கிறது என்பதே நோயை அளக்கும் அளவுகோல். ஐந்து முறைக்குக் குறைந்தால் பொருட்படுத்துவதில்லை. முப்பதைத் தாண்டினால் கடுமை என்பர்.

கருவுற்ற காலத்தில் இந்தத் தொண்டைக்கு என்ன நேர்கிறது என்பது சுவையான செய்தி. ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புப் பொருள் மிகுவதால் மூக்கின் உட்சவ்வு வீங்குகிறது. உடல் எடை கூடுகிறது. வளரும் கருப்பை உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. மூச்சை வெளிவிட்ட பின்னும் நுரையீரலில் தங்கியிருக்கும் காற்று நமக்கு ஒரு சேமிப்பு. நிறைமாதத்தில் அச்சேமிப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. செலவோ, அதாவது உடல் எடுத்துக்கொள்ளும் பிராணவாயுவோ, அதே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுகிறது. சேமிப்புக் குறைந்து செலவு மிகுந்த குடும்பத்தில் ஒருநாள் வருமானம் நின்றாலும் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சில விநாடிகள் மூச்சு நின்றாலே கருவுற்ற பெண்ணின் இரத்தத்தில் பிராணவாயு விரைவாக இறங்கும்.

ஆனால் இயற்கை ஒருபக்கமாக மட்டும் வேலை செய்வதில்லை. புரோஜெஸ்டிரோன் என்னும் மற்றொரு சுரப்புப் பொருள் மூளையின் மூச்சு மையத்தைத் தூண்டி, ஆழ்ந்து மூச்சுவிடச் செய்கிறது. மேலும், நிறைமாதப் பெண் பெரும்பாலும் ஒருக்களித்துத்தான் படுப்பாள். மல்லாந்து படுக்கும்போது மிகும் தடை, ஒருக்களித்தால் குறையும். இந்த எதிரெதிர்ச் சக்திகளுள் எது வெல்லும் என்பதை நாற்காலியில் அமர்ந்து சிந்தித்துச் சொல்ல இயலாது. அளந்துதான் பார்க்க வேண்டும். ஆராய்ச்சி நிலையங்களின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

துயில் மூச்சுத்தடையை முறையாகக் கருவிகொண்டு பதிவு செய்தது 1965-ஆம் ஆண்டில், பிரான்சின் மார்செய் நகரிலும் ஜெர்மனியின் பிரைபர்க் நகரிலும். கருவுற்ற பெண்களிடம் இது காணப்படுவதாக மருத்துவ ஏட்டில் குறிப்பு வந்தது 1978-இல். ஆயினும் அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் இத்துறையில் பெரிய ஆய்வு ஏதும் எழவில்லை. குறட்டை விடுபவர் என்றால் பருத்த கழுத்துடைய நடுவயது ஆண்மகன் என்ற எண்ணமே மருத்துவர் மனத்திலும் வேரூன்றியிருந்தது.

2000-ஆம் ஆண்டில் சுவீடனின் வடபகுதியில் உள்ள ஊமியோ நகரிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. பிரசவத்துக்கு வந்த 502 பெண்களிடம் கேட்டு எழுதிய எளிய ஆய்வு. கருவுறுவதற்கு முன் இவர்களுள் நூற்றுக்கு 4 பேரே இரவுதோறும் குறட்டை விட்டவர்கள். கருவுற்ற காலத்தின் கடைசி வாரத்தில் அது 23 ஆயிற்று. குறட்டை விட்டவர்களுள் நூற்றுக்கு 14 பேருக்குப் பேறுகாலத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்தது. விடாதவர்களுள் 6 பேருக்கே உயர்ந்தது. குறட்டை விட்ட தாய்மாரின் குழந்தைகளுள் வளர்ச்சி குன்றியவையும் மிகுதி. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2012-இல், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1,719 கர்ப்பிணிகளிடம் இதே கேள்வியை இன்னும் கூர்மையாக்கிக் கேட்டனர்: "நீங்கள் முன்பே குறட்டை விடுபவரா, கருவுற்ற பின் தொடங்கியதா?" நான்கில் ஒருவருக்குக் கருவுற்ற பின்னரே தொடங்கியிருந்தது. இரத்த அழுத்த நோயோடு தொடர்பு தெரிந்ததும் இந்தப் புதுக் குறட்டைக்காரர்களிடம்தான்.

நல்ல ஆய்வுகளே. ஆயினும் ஒரு குறை உண்டு. தன் குறட்டையைத் தானே கேட்பவர் உலகில் இல்லை. கணவர் சொல்லியோ தாயார் சொல்லியோதான் தெரியவேண்டும். பக்கத்தில் படுத்தவர் நன்றாகத் தூங்குகிறவராக இருந்துவிட்டால் அதுவும் இல்லை. குறட்டை வேறு, மூச்சுத்தடை வேறு. ஒன்றிருந்தால் மற்றொன்று இருந்தே தீரும் என்பதில்லை. ஆகவே அளவை வேண்டும். முறையான அளவை என்றால் தலையில் மின்கம்பிகள் ஒட்டி, மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள் கட்டி, மூக்கில் குழாய் வைத்து, ஆய்வுக்கூடத்தில் ஓரிரவு உறங்கச் செய்வது. கர்ப்பிணிகள் ஆயிரக்கணக்கானோரை அவ்வாறு கொண்டுவந்து படுக்க வைப்பது நடவாத காரியம்.

அமெரிக்காவில் எட்டு ஆராய்ச்சி நிலையங்கள் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டன. நியூயார்க்கின் கொலம்பியா, பிலடெல்பியாவின் பென்சில்வேனியா, பிட்ஸ்பர்க், இந்தியானா, சிகாகோ வட்டாரத்தின் நார்த்வெஸ்டர்ன், கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ், கலிபோர்னியாவின் அர்வைன், யூட்டா ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை அவை. 2010 முதல் 2013 வரை, முதன்முறையாகத் தாயாகப்போகும் 10,038 பெண்களை இவை ஒரு பெரும் ஆய்வில் சேர்த்தன. தலைப்பிரசவக்காரரை மட்டும் சேர்த்ததற்குக் காரணம் உண்டு: முந்தைய பேறுகளின் வரலாறு கணக்கைக் குழப்பாது, நான் இனிச் சொல்லப்போகும் இரத்த அழுத்த நோயும் தலைப்பேற்றில்தான் மிகுதி. அவர்களுள் 3,705 பேர் துயில் ஆய்வுக்கும் இசைந்தனர். ஆய்வுக்கூடத்துக்குப் பெண்களை அழைப்பதற்குப் பதிலாகக் கருவியைப் பெண்களின் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூக்கில் ஒரு குழாய், மார்பைச் சுற்றியும் வயிற்றைச் சுற்றியும் பட்டைகள், பிராணவாயுவை அளக்க விரலில் ஒரு கவ்வி, எல்லாவற்றையும் பதிவு செய்யச் சிறு பெட்டி. தாமே அதை அணிந்து, தம் படுக்கையிலேயே உறங்கிவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். 6 முதல் 15-ஆம் வாரத்துக்குள் ஒருமுறை, 22 முதல் 31-ஆம் வாரத்துக்குள் மறுமுறை. பதிவுகள் யாவும் பாஸ்டனில் ஒரே மையத்தில் படித்து அளவிடப்பட்டன. எட்டு ஊர்களில் எட்டுப்பேர் எட்டுவிதமாகப் படித்துவிடக்கூடாது அல்லவா?

இங்கே ஒரு தர்மசங்கடமும் இருந்தது. மூச்சுத்தடை இருப்பதாகச் சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணும் அவளுடைய மருத்துவரும் நடந்துகொள்ளும் முறை மாறிவிடும், ஆய்வு கெடும். சொல்லாமல் இருந்தாலோ, ஆபத்தில் இருப்பவள் அறியாமல் இருந்துவிடுவாள். அவர்கள் கண்ட நடுவழி இது: முடிவுகளைப் பொதுவாக வெளியிடுவதில்லை, மிகக் கடுமையான தடை கண்டால் மட்டும் உடனே அறிவித்துச் சிகிச்சைக்கு அனுப்புவது. இந்த ஏற்பாட்டைப் பற்றி என் வகுப்பில் மாணவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடுவதுண்டு. நான் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் அந்த வரம்பை வகுத்தவர்களின் இரவுகளும் நிம்மதியாக இருந்திரா என்றே நினைக்கிறேன்.

முடிவுகள் 2017-இல் வெளியாயின. தொடக்க மாதங்களில் நூற்றுக்கு 3.6 பேரிடமும், இடை மாதங்களில் 8.3 பேரிடமும் மணிக்கு ஐந்தோ அதற்கு மேலோ தடைகள் காணப்பட்டன. அதாவது, முன்பு சொன்ன எதிரெதிர்ச் சக்திகளின் போட்டியில் குறுகும் தொண்டையின் பக்கமே கை ஓங்குகிறது. மூச்சுத்தடை உள்ள பெண்களுக்கு, மருத்துவர்கள் பிரிஎக்ளாம்சியா என்று அழைக்கும் நோய் ஏறத்தாழ இருமடங்கு மிகுதியாக வந்தது. இருபதாம் வாரத்துக்குப் பின் இரத்த அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதம் இறங்கி, சிலவேளை ஈரலையும் மூளையையும் தாக்கி வலிப்பில் கொண்டுவிடும் நோய் அது. தாயை மட்டுமன்றி, நஞ்சுக்கொடியின் வழியே குழந்தையையும் வாட்டுவது. கர்ப்பகால நீரிழிவு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. வயது, உடற்பருமன், முன்பே இருந்த இரத்த அழுத்தம் ஆகியவற்றின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்த பின்னரும் கிடைத்த அளவுகள் இவை. தடைகள் மிகமிக நோய்களும் மிகுந்தன என்பதும் தெரிந்தது.

இருமடங்கு என்ற சொல்லைக் கேட்டு யாரும் நடுங்க வேண்டாம். அந்த ஆய்வில் சேர்ந்த பெண்கள் எல்லோரையும் சேர்த்து எண்ணினால் நூற்றுக்கு 6 பேருக்கே அந்நோய் வந்தது. ஆறின் இருமடங்கு பன்னிரண்டு. மூச்சுத்தடை உள்ளவர்களிலும் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிள்ளை பெற்றார்கள் என்பதை அந்த எண்ணே சொல்கிறது. ‘மடங்கு’ என்னும் கணக்கை, அது எதன் மடங்கு என்று கேட்காமல் படிப்பது ஆபத்து. செய்தித்தாள்கள் நாள்தோறும் நமக்கு அந்தப் பயிற்சியைத்தான் தருகின்றன.

இன்னொரு எண்ணையும் இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க மருத்துவமனைப் பதிவேடுகளில் 1998 முதல் 2009 வரை இருந்த ஏறத்தாழ ஐந்தரைக் கோடிப் பேறுகால அனுமதிகளை ஆராய்ந்து 2014-இல் ஓர் அறிக்கை வந்தது. மூச்சுத்தடை என்று எழுதப்பட்டவர்கள் 1998-இல் பதினாயிரத்துக்கு 0.7 பேர், 2009-இல் 7.3 பேர். வீட்டுக் கருவி காட்டியதோ பதினாயிரத்துக்கு 360 முதல் 830 வரை! பெண்களின் கூட்டமும் கணக்கிடும் முறையும் வேறு வேறுதான். ஆயினும் ஏழுக்கும் எண்ணூற்றுக்கும் இடையிலுள்ள பள்ளம் அதனால் மட்டும் தூர்ந்துவிடாது. அப்பள்ளத்தில் இருப்பவர்கள், யாரும் கேளாததால் பதிவேட்டில் ஏறாமல் போன தாய்மார்கள்.

கேட்பதற்கான கேள்வித்தாள்களும் அவர்களுக்காக ஏற்பட்டவை அல்ல. துயில் மூச்சுத்தடையைச் சலித்தெடுக்க உலகெங்கும் வழங்கும் ஒரு கேள்வித்தாளில் எட்டே கேள்விகள். அவற்றுள் ஒன்று, "உமக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டதா?" மற்றொன்று, "நீர் ஆணா?" இருபத்தைந்து வயதுக் கர்ப்பிணி இவ்விரண்டுக்கும் என்ன விடை சொல்வாள்? எட்டில் இரண்டு மதிப்பெண் தொடக்கத்திலேயே போயிற்று. 2023-இல் அமெரிக்காவின் மயக்கமருந்து மருத்துவர் சங்கங்கள் இரண்டு கூடி வெளியிட்ட நெறிமுறை, உடற்பருமனோ இரத்த அழுத்த நோயோ நீரிழிவோ உள்ள கர்ப்பிணிகளை முதல் ஆறு மாதங்களுக்குள் மூச்சுத்தடைக்காகச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. மயக்கமருந்து மருத்துவருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அறுவை மேசையில் குறுகிய தொண்டையோடு போராட வேண்டியவர் அவர்தாமே.

சரி, கண்டுபிடித்தாயிற்று. சிகிச்சை செய்தால் தாய்க்கும் சேய்க்கும் நன்மை உண்டா? என் தமக்கையின் கதையில் விட்ட காரணகாரியக் கேள்வி இங்கே திரும்பி வருகிறது. தடையை நீக்கியபின் நோயும் குறைந்தால்தான், தடைக்கும் நோய்க்கும் உள்ளது வெறும் உடன்வரவு அன்று என்று நம்ப இடம் உண்டு.

தடையை நீக்கும் கருவி 1981-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பிறந்தது. காலின் சல்லிவன் என்ற மருத்துவர், தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு, உறிஞ்சுவதற்கு மாறாகக் காற்றை ஊதச் செய்து, மூக்கு மூடி வழியே உறங்குபவரின் தொண்டைக்குள் மெல்லிய அழுத்தத்தில் செலுத்தினார். காற்றே தொண்டைக்கு முட்டுக்கொடுக்கும் தூணாயிற்று. முதலில் ஐந்து நோயாளிகளுக்கு அதைப் பயன்படுத்தினார். அவரும் அவருடைய கூட்டத்தாரும் 2000-ஆம் ஆண்டில், பிரிஎக்ளாம்சியா கடுமையாக இருந்த பதினொரு பெண்களுக்கு இரவில் அக்கருவியைப் பொருத்திப் பார்த்தனர். உறக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த இரத்த அழுத்தம் தணிந்தது. பதினொருவர் என்பது மிகச் சிறிய தொகை. ஆனால் கேள்வி உயிர்பெற்றுவிட்டது.

அதற்குப் பெரிய அளவில் விடை தேட முயன்றவர்கள் தாய்லாந்து நாட்டு மருத்துவர்கள். பேறுகால ஆபத்து மிகுந்த, நடுத்தர மூச்சுத்தடையோ அதற்குக் குறைந்ததோ உடைய 340 கர்ப்பிணிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான கவனிப்போடு காற்றூதும் கருவி. மற்றப் பிரிவினர்க்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 2023-இல் வெளியான முடிவின்படி, கருவி பெற்றவர்களின் கீழ் இரத்த அழுத்தம் சிறிதே குறைந்தது. பிரிஎக்ளாம்சியா நூற்றுக்கு 13.1 பேருக்கு வந்தது. மற்றப் பிரிவில் 22 பேருக்கு வந்தது. இத்தனைக்கும் கருவி பெற்றவர்களுள் பலர் அதை இரவு முழுவதும் அணியவில்லை. முகத்தில் மூடியைக் கட்டிக்கொண்டு, வயிற்றில் பிள்ளையோடு, புழுக்கத்தில் உறங்குவது எத்தகைய தொல்லை என்பதை ஆராய்ச்சியாளர்கள் உணரவேண்டும். ஒரே ஆய்வைக் கொண்டு கதவை அடைத்துவிட முடியாது. அவ்வாய்வு முதலாவதாக அளக்கப் புகுந்ததும் இரத்த அழுத்தத்தையே, அந்நோயை அன்று. ஆயினும் வெறும் உடன்வரவு என்று கூறி ஒதுக்குவோரின் கட்சி இப்போது சற்று இளைத்திருக்கிறது.

அமெரிக்க நிலையங்களும் தம் பெண்களை விட்டுவிடவில்லை. பேற்றுக்குப்பின் இரண்டு முதல் ஏழு ஆண்டுகள் கழித்து அவர்களுள் பலரைத் தேடிச்சென்று மீண்டும் கருவி அணிவித்தனர். கருவுற்றபோது மூச்சுத்தடை இருந்தவர்களிடம், பின்னாளில் இரத்த அழுத்த நோய் புதிதாகத் தோன்றுவதோடு அதற்குத் தொடர்பு இருக்கக் கண்டனர். பிரசவத்தோடு முடிந்துபோகும் விவகாரம் அன்று இது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்பேச்சை எழுதி முடித்ததும் என் தமக்கையிடம் படித்துக் காட்டினேன். அன்று அவசரமாகப் பிறந்த பிள்ளை இன்று ஒரு தொழிற்சாலையில் பொறியாளன். அவள் பொறுமையாகக் கேட்டாள். எண்கள் வந்த இடங்களில் கொஞ்சம் கண்ணயர்ந்தாள் என்றும் சொல்லவேண்டும். பிறகு கேட்டாள்: "அந்நாளில் என் குறட்டையை நடித்துக் காட்டுவாயே, அதில் நடுவில் மூச்சை நிறுத்தியா காட்டினாய்?"

"ஆமாம் அக்கா, அந்த இடத்தில்தான் எல்லோரும் சிரிப்பார்கள்" என்றேன்.

"எவ்வளவு நேரம் நிறுத்துவாய்?"

எனக்கு நினைவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அன்று அடக்கியதுபோலவே மூச்சை அடக்கிக் காட்டினேன். பன்னிரண்டு விநாடி ஆயிற்று.